டெல்டாவில் ஒரு சூதாட்டம் – 9: ஆளுக்கு இருபது தோட்டா

சென்ற வாரம் பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் லாலியைப் புதுச்சேரியில், துடைத்துவைத்தாற்போல் கிடந்த கஜானாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். சேசு சபைத் தலைவர் லவோர் பாதிரியார் ஒரு பழைய காகிதத்தை அவருக்கு நினைவூட்டினார் என்பதோடு அத்தியாயம் முடிந்தது. "அது என்ன காகிதம்?" என்று மன்னார்குடியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் கேட்டுவிட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு கடன் முறி. தொகை 56 லட்சம் ரூபாய். கடன்காரர், தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாப சிங்.

1749 டிசம்பரில், ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்த சந்தா சாகிபும் அவருடைய கூட்டாளி முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு தஞ்சைக் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். மன்னர் 70 லட்சம் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாரே தவிர, அதைக் கொடுத்த அழகு இருக்கிறதே! ஒரு நாள் வெள்ளித் தட்டு, தாம்பாளம் வரும். அதற்கு என்ன விலை போடுவது என்று இரண்டு பக்கத்து ஆட்களும் பொழுதெல்லாம் வாதாடுவார்கள். இன்னொரு நாள் செல்லாத பழைய நாணயம் மூட்டையாக வரும். ஒவ்வொன்றையும் உரசி, நிறுத்து, மாற்று பார்க்க வேண்டும். அடுத்த நாள் ரத்தினக் கற்கள். அதற்கு மதிப்புப் போடுவது அதைவிடப் பெரிய ரகளை. வாரங்கள் இப்படியே ஓடின. சந்தா சாகிபுக்கு இது காலம் கடத்தும் வேலை என்று புரிந்தே இருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். அதற்குள் வடக்கே அவர்களுடைய எதிரி நாசிர் ஜங் பெரும் படையோடு இறங்கிவருகிறார் என்று சேதி வந்தது. முற்றுகை கலைந்தது. கைக்கு வந்தது போக நின்ற பாக்கிக்குத்தான் அந்த முறி. சந்தா சாகிப் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் கையில் தள்ளிவிட்டார்.

வசூலாகாத கடனை அடுத்தவன் தலையில் கட்டுவது நம் பக்கத்தில் இன்றைக்கும் நடக்கிற வியாபாரம்தான். சந்தா சாகிப் 1752 ஜூனில் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்து தலையை இழந்தார். முறி மட்டும் உயிரோடு இருந்தது. இப்போது, 1758 ஜூனில், அது லாலியின் கையில்.

மன்னர் அதே மன்னர். தளபதி அதே மானோஜி. இந்த இரண்டையும் லாலி யோசித்திருந்தால் இந்தத் தொடரின் பாதி அத்தியாயங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

*

இங்கே கொஞ்சம் சீட்டுக்கட்டைப் பிரிக்கிறேன். "சூதாட்டம் என்று தலைப்பு வைத்துவிட்டு எட்டு வாரமாகச் சீட்டையே காணோமே" என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டது நியாயம்.

எங்கள் குடவாசல் பக்கம் தீபாவளி ராத்திரிகளில் மூணு சீட்டு ஆடுவார்கள். கையில் காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போய் எடுத்துவரலாம், மச்சானிடம் கைமாற்று வாங்கலாம். வேண்டாம் என்றால் எழுந்தும் போகலாம். போக்கர் போட்டி அப்படியல்ல. எல்லோரும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரே அளவு சிப்ஸ் வாங்கிக்கொண்டு உட்காருவார்கள். சிப்ஸ் தீர்ந்தால் ஆள் அவுட். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் முறைவைத்துக் கட்டாயமாகப் போட வேண்டிய ப்ளைண்ட் பணம் இருக்கிறது பாருங்கள், அது கடிகாரம் பார்த்து ஏறிக்கொண்டே போகும். நல்ல சீட்டு வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாலும் குவியல் கரையும்.

அதனால் தேர்ந்த ஆட்டக்காரன் தன் சீட்டைப் பார்ப்பதற்கு முன் தன் குவியலைப் பார்ப்பான். ஒரு பந்தயமும் கட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் இது எத்தனை சுற்றுக்குத் தாங்கும்? கணக்குப் பேராசிரியராக இருந்து சூதாட்ட மேசைக்குப் போன பால் மக்ரீல் இந்தக் கேள்வியை ஓர் எண்ணாக்கினார். 1995-இல் உலகப் போட்டியில் வென்ற டேன் ஹாரிங்டன் தன் புத்தகங்களில் அதைப் பரப்பினார். இருபது சுற்றுக்கு மேல் தாங்குமென்றால் பச்சை மண்டலம்: எந்தச் சீட்டையும் எப்படியும் ஆடலாம், வேவு பார்க்கலாம், பாதியில் பின்வாங்கலாம். ஐந்து சுற்றுக்குக் கீழே வந்துவிட்டால் சிவப்பு. அங்கே நடுவழி கிடையாது. இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளு, இல்லையேல் சீட்டைக் கவிழ்த்துவிடு. கொஞ்சம் போட்டுப் பார்ப்போம், எதிராளி என்ன செய்கிறான் என்று பிறகு யோசிப்போம் என்பதெல்லாம் பணக்காரன் பேச்சு.

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை போனது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் காசு வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டது. நான் யாரையும் மேசைக்குக் கூப்பிடவில்லை. லாலியின் மண்டைக்குள் எட்டிப்பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும், அவ்வளவுதான்.

*

லாலியின் குவியலைப் பார்ப்போம்.

1757 செப்டம்பரிலேயே சூப்பீர் என்ற தளபதி ஒரு ரெஜிமெண்டோடும் பணத்தோடும் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். தலைவர் லாலி வரட்டும் என்று சும்மா இருந்தார். மாதங்கள் போயின, பணமும் போயிற்று. 1758 ஏப்ரல் 28-இல் லாலி கரையிறங்கினார். வந்த வேகத்தில் கடலூர், ஜூன் 2-இல் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை. இரண்டு ஜெயம். அடுத்த குறி ஆங்கிலேயரின் சென்னை. அதற்குக் கப்பல் வேண்டும். கடற்படைத் தலைவர் தாஷே சென்னைப் பக்கம் வர மறுத்துவிட்டார். காசு வேண்டும். கவர்னர் லெய்ரீ கையை விரித்தார்.

ப்ளைண்ட் ஏறுவதை யார் நிறுத்துவது? பட்டாளத்துக்கு நாள்தோறும் சோறு போட வேண்டும். சம்பள பாக்கி ஏறுகிறது. கடலில் அட்மிரல் போக்காக்கின் ஆங்கிலக் கப்பல்கள் சுற்றுகின்றன. அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் இந்தக் கரையில் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. எந்தக் கொடிக் கப்பலானாலும் கிளம்பியாக வேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை, எண்ணிப் பார்த்தால் அவருக்கு இருந்த சுற்றுகள் கொஞ்சம். சென்னை என்ற பெரிய பந்தயத்தில் உட்காருவதற்கு முன் பக்கத்து மேசையில் சீக்கிரம் ஒரு குவியலைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். தஞ்சாவூர் அந்தப் பக்கத்து மேசை.

இதுவரைக்கும் லாலியின் புத்தியில் நான் குறை காணமாட்டேன். காசில்லாதவன் சீக்கிரம் துணிய வேண்டும், துணிந்தார். கோளாறு, துணிந்த பிறகு ஆடிய விதத்தில்.

ஜூன் 18-இல் பட்டாளம் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியது. வண்டி இல்லை, மாடு இல்லை. ஊர் ஜனங்களைச் சாதி வித்தியாசம் பாராமல் பிடித்து இழுத்துவந்து மூட்டை சுமக்கவைத்தார் லாலி. எவன் எதைச் சுமப்பான், எதைத் தொடமாட்டான் என்று வழிவழியாக இருந்த ஏற்பாடு ஒரே நாளில் தலைகீழாயிற்று. ஜனம் இரவோடு இரவாக ஓடியது. ஐரோப்பாவில் ஃபாண்டெனாய் போர்க்களத்தில் பேர் வாங்கிய வீரருக்கு, சுமைகூலி இல்லாமல் பீரங்கி நகராது என்று இங்கேதான் தெரிந்தது.

கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்தில் தேவிகோட்டை. ஆங்கிலேயர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பசியோடு உள்ளே நுழைந்த சிப்பாய்களுக்குக் கிடங்கில் தானியம் கிடைத்தது. நெல்.

டெல்டா வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அரிசியல்ல, உமியோடு நெல். குத்திக் கொடுக்க ஆள் இல்லை. உரலும் உலக்கையும் பிடித்துப் பழகிய பெண்கள் பட்டாளத்தின் பெயரைக் கேட்டதுமே ஊரைக் காலி செய்திருப்பார்கள். நம் வீடுகளில் நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காயப்போட்டு, ஈரப்பதம் பல்லில் கடித்துப் பார்த்துப் பிறகுதான் குத்துவார்கள். பச்சரிசிக்கென்றால் அவிக்கிற வேலை மிச்சம், குத்துகிற வேலை மிச்சமில்லை. குத்தி, புடைத்து, நொய் பிரித்து, தவிடு தள்ளி, ஒரு படி அரிசி சட்டிக்கு வருவதற்குள் பசித்தவன் கண்ணில் பூச்சி பறந்துவிடும். நாள் முழுக்க நடந்துவந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் பொன்னிறக் குவியலைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். கணக்கெழுதுகிறவன் ஏட்டில் அதைத் தானிய இருப்பு என்று எழுதிக்கொள்ளலாம். அன்றைய ராத்திரிக்கு அது பூஜ்யம்.

குவியலின் அளவைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். மேசையில் தள்ள முடிந்தால்தான் அது சிப்ஸ்.

ஜூன் 25-இல் காரைக்கால். பிரெஞ்சுக்காரர்களின் சொந்த ஊர், அங்கேயாவது சாப்பாடு தயாராக இருக்கும் என்று நம்பி வந்தார்கள். கிடைத்தது 28 மாடும் கொஞ்சம் மாவும். அடுத்து நாகூர். வியாபாரிகள் சரக்கைக் கிளப்பிக்கொண்டு போக முந்திக்கொண்டார்கள். ஊரைக் கொள்ளையடிக்கும் உரிமையை லாலி தன் குதிரைப்படைத் தலைவர் ஃபிஷருக்கு 2 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை விட்டார். ஆமாம், மீன்குளம் ஏலம் விடுவதுபோலத்தான். நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களிடமும் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடமும் மிரட்டல் பாதி, மன்றாட்டு பாதியாகக் கொஞ்சம் உதவி பெற்றார்.

பிறகு கீழ்வேளூர். ஜூன் 28. கேடிலியப்பர் கோயிலில் புதையல் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தோண்டினார்கள், குளத்தைக் கலக்கினார்கள். கிடைத்த விக்கிரகங்கள் பொன்னல்ல, வெறும் உலோகம். அந்தப் பக்கம் நடமாடிய பிராமணர்கள் ஆறு பேரை உளவாளிகள் என்று பிடித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் லாலி. எழுத மனசு கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். அந்த ஆறு வெடிச் சத்தம் டெல்டா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் எந்தக் கிராமத்தான் தானே வந்து ஒரு மரக்கால் அரிசி அளப்பான்?

திருவாரூரில் பட்டாளம் கூடாரமடித்தது. எதிரே மானோஜியின் குதிரைப்படை. ஊர்க் கமலாலயக் குளக்கரையிலிருந்து குடவாசல் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லிக்கொள்கிறேன். சங்க காலத்துப் புலவர் குடவாயிற் கீரத்தனார், சோழர்கள் காவல் போட்டுக் குடந்தையில் வைத்திருந்த பெருநிதியை அகநானூற்றுப் பாட்டொன்றில் உவமையாக்கியிருக்கிறார். அந்தக் குடந்தை குடவாசல்தான் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு, கும்பகோணம் என்பவர்களும் உண்டு. நான் எந்தக் கட்சி என்று கேட்கத் தேவையில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சிறைவைத்த இடமும் குடவாயில் என்றே சொல்லப்படுகிறது. நிதியையும் எதிரியையும் ஒரே ஊரில் பூட்டிவைத்துவிட்டு, பதற்றமில்லாமல் அடுத்த காயை நகர்த்துவது சோழர் பாணி. அந்தப் பாணி வம்சம் மாறியும் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. பிரதாப சிங் மராத்தியர்தான், ஆனால் ஆடியது பழைய டெல்டா ஆட்டம்: களஞ்சியம் நிறைந்தவன் அவசரப்படமாட்டான்.

*

லாலி கேட்டது 10 லட்சம் ரூபாய், கூடவே மாடுகளும் வெடிமருந்தும். 56 லட்சத்து முறியைக் காட்டிவிட்டு 10 லட்சத்துக்கு இறங்கினாலே எதிராளிக்கு ஒன்று விளங்கிவிடும்: வந்திருப்பவன் அவசரக்காரன்.

மன்னர் மறுக்கவில்லை. அவர் எப்போதுதான் மறுத்தார்? தூதர்கள் போனார்கள், வந்தார்கள். தொகை ஏறியது, இறங்கியது. ஒரு சிறு பணம் கைமாறவும் செய்தது. மாடு கொடுப்பது தர்மத்துக்கு ஒவ்வாது என்றார்கள், வெடிமருந்து எங்களிடமே இல்லை என்றார்கள். ஜூலையின் முதல் பாதி பேச்சிலேயே போயிற்று. இன்னொரு பக்கம் திருச்சிராப்பள்ளியிலிருந்த ஆங்கிலத் தளபதி கேலியோவுக்கு ஓலை போய்க்கொண்டிருந்தது. அவர் 500 சிப்பாய்களைத் தஞ்சைக் கோட்டைக்குள் அனுப்பிவைத்தார். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களும் வந்துசேர்ந்தார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். லாலிக்கு ஒவ்வொரு நாளும் செலவு. மன்னருக்கு ஒவ்வொரு நாளும் வரவு. ஆடி மாதம், காவிரிப் படுகையில் புதுப்புனல் பருவம். கோட்டைக்குள் நெல் இருக்கிறது, குத்திக் கொடுக்க ஆளும் இருக்கிறது. சும்மா பேசிக்கொண்டிருப்பதே மன்னருக்கு ஆட்டம்.

குறைந்த குவியல்காரனிடம் ஒரே ஓர் ஆயுதம் உண்டு. அவன் எல்லாவற்றையும் நடுவில் தள்ளும்போது எதிராளி, "எதற்கு வம்பு?" என்று சீட்டைக் கவிழ்த்துவிடலாம். அந்த பயம் இருக்கும்வரைதான் சின்னக் குவியலுக்கும் மரியாதை. குவியல் மிகவும் சிறுத்துவிட்டால் பயம் போய்விடும். "சரி, என்னதான் வைத்திருக்கிறாய், காட்டு" என்று எதிராளி சிரித்துக்கொண்டே பந்தயத்தை ஏற்பான். அதனால்தான் தள்ளுவதென்றால் முன்கூட்டியே தள்ளு என்பார்கள், பயமுறுத்தும் அளவுக்காவது கையில் இருக்கும்போது. கீழ்வேளூருக்கு வந்த ஜூன் கடைசியில் லாலிக்கு அந்த மரியாதை இருந்தது. செயின்ட் டேவிட் விழுந்த சேதி சூடு ஆறாமல் இருந்தது. அன்றைக்கே நேராகக் கோட்டை வாசலில் போய் நின்றிருந்தால் மன்னர் ஒரு நல்ல தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார் என்பது என் கட்சி.

அதற்குப் பதிலாக லாலி ஒரு காரியம் செய்தார். பேச்சு இழுபட, கோபம் தலைக்கேறி, மன்னரையும் அவர் குடும்பத்தையும் மொரீஷியஸ் தீவுக்கு அடிமைகளாக அனுப்பிவைப்பேன் என்று மிரட்டினார்.

ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் இதை முரட்டுத்தனம் என்று ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். எனக்கு என்னவோ தஞ்சையை லாலி இழந்த இடம் இதுதான் என்று படுகிறது. எதிராளி சீட்டைக் கவிழ்க்க வேண்டும் என்றால், கவிழ்ப்பது அவனுக்கு மலிவாக இருக்க வேண்டும். சில லட்சம் போகட்டும், சிம்மாசனம் மிஞ்சும் என்ற கணக்கு மன்னருக்கு இருந்தவரை அவர் பணிவதற்கு வழி இருந்தது. பணிந்தாலும் கப்பலேற்றி அடிமையாக அனுப்புவான் என்றால் பணிவது எதற்கு? மன்னரின் பின்கதவைச் சாத்தியவர் லாலிதான். செயின்ட் டேவிட்டில் சிக்கியிருந்த, பதவியிழந்த பழைய மன்னரின் உறவினர் ஒருவரை வேறு பயம்காட்டக் கூடவே அழைத்துவந்திருந்தார். அதுவும் அதே வேலையைத்தான் செய்தது.

போக்கர் கணக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மேசையில் பெரிய குவியல்காரன் சின்னவனிடம் தோற்றாலும் மிச்சம் இருக்கும். கோட்டை விழுந்தால் மன்னருக்கு மிச்சம் இல்லை. ஆகவே பிரதாப சிங் சொகுசாக ஆடினார் என்று நினைத்துவிட வேண்டாம். பயந்துதான் ஆடினார். ஆனால் கை நடுங்குவதை வெளியே காட்டாமல் ஆடினார்.

*

ஜூலை பிற்பாதியில் பட்டாளம் தஞ்சைக் கோட்டைக்கு முன்னால் வந்தது. ஆகஸ்ட் 2-இல் பீரங்கி முழங்கத் தொடங்கியது. ஐந்து நாள் அடித்ததில் மதிலில் விழுந்த பிளவு ஆறடி அகலம். இரண்டு பேர் கையை விரித்து நின்றால் அடைத்துவிடலாம். கோட்டைக்குள்ளே கேலியோ அனுப்பிய இன்னொரு பிரிவு சிப்பாய்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கூடாரங்களைச் சுற்றி மானோஜியின் குதிரைகள். தானியத்துக்குப் போனவன் திரும்பினால் அதிர்ஷ்டம்.

ஆகஸ்ட் 8-இல் காரைக்காலிலிருந்து சேதி. ஐந்து நாள் முன்னால், 3-ஆம் தேதி, கடலில் தாஷேயும் போக்காக்கும் மோதியிருக்கிறார்கள். தாஷே அடிவாங்கிப் புதுச்சேரிக்கு ஒதுங்கிவிட்டார். ஆங்கிலக் கப்பல்கள் காரைக்காலுக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கின்றன. லாலிக்கு உணவும் மருந்தும் வரவேண்டிய ஒரே வாசல் அது.

அன்றைக்கே போர் ஆலோசனைக் கூட்டம். கணக்குப்பிள்ளை கணக்கைப் படித்தார். பீரங்கிகளுக்கு மீதி 150 வெடிக்கு மருந்து. சிப்பாய்களுக்கு ஆளுக்கு இருபது தோட்டாகூடத் தேறாது. சாப்பாடு இரண்டு நாளைக்கு.

சிவப்பு மண்டலத்திலும் அடி ஆழம்.

இளம் தளபதி தெஸ்தேனும் சொபினேயும் உடனே பிளவில் பாய்ந்துவிட வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் முற்றுகையைத் தூக்கிவிட்டுத் திரும்புவோம் என்றார்கள். தெஸ்தேனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக் கடற்படையை நடத்திப் போனவர் அவர்தான்.

யார் சொன்னது சரி?

பாய்ந்து ஜெயித்திருந்தால் கோட்டைக் களஞ்சியம், கஜானா, வெடிமருந்து எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்திருக்கும். தோற்றிருந்தால் திரும்பி நடக்கும்போது சுடக்கூடத் தோட்டா மிஞ்சாது. சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த பெரும் பட்டாளமே அதுதான். போனால் புதுச்சேரிக்கு யார் காவல்? போட்டி ஆட்டத்தில் இழக்கும் ஒரு சிப்புக்கு, ஜெயிக்கும் ஒரு சிப்பைவிடக் கனம் அதிகம் என்பார்கள். தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் இல்லை, அதனால். பெரும்பான்மை அதிகாரிகள் அந்தக் கனத்தைப் பார்த்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் திரும்பிப் போவதும் இலவசமில்லையே. வெறுங்கையோடு போய்ச் சேரும் பட்டாளத்துக்குச் சோறு போட அங்கே அதே காலிக் கஜானாதான். சுமந்துவந்த கனத்த பீரங்கிகளை இழுக்க மாடில்லை. வழியில் உள்ள ஒவ்வோர் ஊரும் கீழ்வேளூரை மறந்திருக்காது. 1982-இல் லாஸ் வேகாஸில் ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர் ஒரே ஒரு சிப்போடு மிஞ்சி, அங்கிருந்து ஏறி உலகப் போட்டியையே வென்றார். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஒற்றைச் சிப்போடு மிஞ்சி, அடுத்த கையிலேயே எழுந்துபோன ஆயிரம் பேரை யாரும் சொல்வதில்லை. சொபினே பக்கம் நியாயம் இருந்தது, நேரம் இல்லை. அதே யோசனையை ஜூலை முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அவருக்குக் கை தூக்கியிருப்பேன்.

லாலி பெரும்பான்மையோடு போனார். பின்வாங்குவது என்று முடிவாயிற்று. காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் 9-ஆம் தேதி முன்னால் அனுப்பிவைத்தார்கள். பட்டாளம் 10-ஆம் தேதி கிளம்புவதாக ஏற்பாடு.

ரகசியம்தான். ஆனால் பட்டாளத்தில் பாதிப்பேர் பட்டினி, சுற்றிலும் தஞ்சாவூர் ஆட்கள். சேதி கோட்டைக்குள் போய்விட்டது. மானோஜிக்கு இனி காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எதிராளியின் குவியல் எவ்வளவு என்று தோட்டாக் கணக்கு வரை தெரிந்துவிட்டது. இதுவரை பேசியே ஆடியவர்கள், முதல் தடவையாகத் தாங்களாக ஒரு காயை எடுத்து நடுவில் வைத்தார்கள்.

ஆகஸ்ட் 10. விடியப்போகிற நேரம். கோட்டைப் பக்கமிருந்து ஐம்பது குதிரைவீரர்கள் பிரெஞ்சுக் காவல் எல்லைக்கு வந்தார்கள். கத்தி உறையில். காவலர்கள் மறித்தார்கள். மன்னரிடம் பிழைப்பு நடக்கவில்லை, பிரெஞ்சுத் தளபதியிடம் வேலைக்குச் சேர வந்திருக்கிறோம், அவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆள் பஞ்சத்தில் இருக்கும் பட்டாளத்துக்கு ஐம்பது குதிரை லேசுப்பட்டதா? வழி விட்டார்கள்.

லாலி தங்கியிருந்தது ஒரு சத்திரத்தில். எழுப்பினார்கள். உடைகூட மாற்றாமல், கையில் ஒரு தடியோடு திண்ணைக்கு வந்தார். குதிரைகள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன. தலைவன் மட்டும் குதிரையை நடத்திக்கொண்டு முன்னால் வந்தான். வணக்கம் சொல்லத்தான் குனிகிறான் என்று காவலர்கள் நினைத்தார்கள்.

அவன் கை போனது கத்திப் பிடிக்கு.

(தொடரும்)